கண்ணாடியில் இறங்கும் கோடு

தேன் நிறத்தில் ஒரு கோடு கண்ணாடிக் கோப்பையின் உட்சுவரில் இறங்குகிறது, பாதியில் நின்று யோசிக்கிறது, மறுபடி இறங்குகிறது, வேகமா வடிஞ்சா பிஞ்சுச் சரக்கு, மெதுவா எறங்குனா பழசு, இது பதினெட்டு வருசம் பீப்பாயில கெடந்தது வே என்று அப்பா கோப்பையை ஜன்னல் வெயிலுக்கு நேராகப் பிடிக்கிறார், எதிரே அப்பாவின் கூட்டாளி கொரைரா மாமா நிலக்கடலை கொறிக்கிறார், பூசை முடிந்து வந்த ஞாயிற்று மத்தியானம், தூத்துக்குடியில் எங்கள் வீட்டு முன்னறை, நான் தட்டோடு கதவோரம் நிற்கிறேன், எனக்கு ஒன்பது வயதா, பதினைந்தா, எல்லா ஞாயிறும் ஒரே ஞாயிறாகக் கலந்துவிட்டது. கப்பல் வேலை பார்த்தவர் அப்பா, போன துறைமுகங்களிலெல்லாம் சிங்கிள் மால்ட் விஸ்கி பாட்டில் வாங்கிவந்து மாதா படத்துக்குக் கீழே கண்ணாடி அலமாரியில் பூட்டிவைத்தவர், குடிகாரன் தொண்டையால குடிப்பான், நான் மூக்கால குடிக்கேன் என்பார், மருந்துவிடும் சொட்டுக்குழாயால் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, மூக்கைக் கோப்பைக்குள் இறக்கி, ஜெபிக்கிறவர் போலக் கண்ணை மூடுவார், டாஸ்மாக் வாசலில் விழுந்துகிடந்த தன் புருஷனைத் தூக்கிவந்த பக்கத்து வீட்டு அக்கா அம்மாவைப் பார்த்துச் சொன்னாள், நீ குடுத்து வச்சவ மெற்றில்டா.

அந்த மூக்கு எனக்கும் வாய்த்திருந்தது, யாருக்கும் தெரியாது, கோப்பைகளைக் கழுவுமுன் ஒவ்வொன்றாக முகர்வேன், தீவுச் சரக்கு என்று அப்பா சொல்லும் புகைச்சல் பாட்டிலில் டெட்டால் வாசம், கருகிய கடல்பாசி வாசம், அது அம்மாவின் புருவம் அலமாரி விளிம்பில் பிளந்த நாள், நான்கு தையல், எப்படிம்மா என்று டாக்டர் கேட்க, பாத்ரூம்ல வழுக்கிட்டு டாக்டர், ஷெரி ஒயின் கிடந்த பீப்பாயில் ஊறியதில் திராட்சை, கிராம்பு, அது கிறிஸ்துமஸ் கேக் உப்பாமல் போனதற்கு அம்மாவின் கை முறுக்கப்பட்ட நாள், விறகு ஒடிவதுபோல ஒரு சத்தம், மறுபடி பாத்ரூம், மறுபடி வழுக்கல், சமைக்க ஆளில்லாமல் பத்தாம் வகுப்பில் நான் நின்றுவிட்டேன், மூன்றாவது பாட்டில்தான் எல்லாவற்றிலும் மென்மை, பச்சை ஆப்பிள், வெண்ணிலா, அதற்குப் பெல்ட். மாமா செருப்பு மாட்டித் தெருவில் இறங்கும்வரை அப்பா சிரித்துக்கொண்டிருப்பார், பிறகு வாயைக் கொப்பளித்து, சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடிப்பார், தள்ளாட மாட்டார், குறி தவறவும் மாட்டார்.

கண்ணக் கட்டிக்கிட்டுச் சொல்லும் பாப்போம் வே என்று மாமாதான் ஆரம்பித்தார், மூன்று கோப்பை, அப்பாவின் கண்ணில் அம்மாவின் பூசை முக்காடு, அன்று அப்பாவுக்கு ஜலதோஷம், ஒப்புக்கொள்ள மனமில்லை, இரண்டாவதை முகர்ந்து தீவு என்றார், அது ஷெரிப்பா என்று என் வாய் சொல்லிவிட்டது, பிற மனிதர் முன் என் வாய் திறந்தது அதுதான் முதல்முறை, மாமா தொடையைத் தட்டிச் சிரிக்கிறார், மருமவளே, மூக்கு ஒனக்குத்தாம்ட்டி, ஒங்கப்பன் மூஞ்சியில இருக்கது வெறும் ஓட்ட. மாமா போனார், அப்பா முக்காட்டை அவிழ்த்து நான்காக மடித்து நாற்காலியில் வைத்தார், என் தலைமுடியைப் பிடித்தார், மோந்து பாருட்டி, நல்லா மோந்து பாரு, முகம் கோப்பைமேல் அழுந்துகிறது, கோப்பை நொறுங்குகிறது, உதடு கிழிந்த இடத்தில் ஷெரி எரிகிறது, நான் மூச்சு விட இடம் தேடுகிறேன், அப்போது அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள், ஓடி அல்ல, நடந்து, மேசையில் இருந்த தீவுப் பாட்டிலைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி அப்பாவின் முகத்தில் அடித்தாள், சினிமாவில் பாட்டில் உடையும், இது உடையவில்லை, மூக்குதான் உடைந்தது, மறுபடி அடித்தாள், அவர் தரையில் உட்கார்ந்தார், அம்மா பாட்டிலை முந்தானையால் துடைத்து மேசையில் வைத்தாள், அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர், எப்படி சார், அப்பா எங்கள் இருவரையும் பார்த்தார், பாத்ரூம்ல வழுக்கிட்டு டாக்டர்.

கட்டு பிரியட்டும், ரெண்டு பேரையும் பாத்துக்கிடுதேன் என்றார் வீட்டுக்கு வந்ததும், கட்டு பிரிந்தது, ஆனால் வாசம் போயிருந்தது, கருவாட்டை முகர்ந்தார், மண்ணெண்ணெயை முகர்ந்தார், தீக்குச்சியைக் கிழித்து முகர்ந்தார், ஒண்ணும் வரல்லட்டி என்று என்னிடம்தான் முதலில் சொன்னார், அவர் குரல் நடுங்கி நான் கேட்டது அன்றுதான், பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து, ஞாயித்துக்கிழம கொரைரா வாரான், ஒவ்வொரு கோப்பையும் எந்தச் சரக்குன்னு என் காதுல சொல்லணும், தப்பாச் சொன்ன, அவன் போனதும் ஒங்கம்மைய உயிரோட பாக்க மாட்ட.

மத்தியானம், வெயில், நிலக்கடலை, மூக்கு செப்பனிட்டாச்சா வே என்று மாமா கேட்கிறார், அப்பா சிரிக்கிறார், முதல் கோப்பையைச் சுழற்றி மூக்கை இறக்குகிறார், கண்ணை மூடுகிறார், காதை என் பக்கம் சாய்க்கிறார், கடலைத் தட்டை மேசையில் வைக்கிறேன், நான் குனிகிறேன், குனிந்தவள் நிமிர்கிறேன், டெட்டால் என்று உரக்கச் சொல்கிறேன், நாலு தையல் மாமா, அம்மா புருவத்துல, ரெண்டாவதுல திராட்ச, கிராம்பு, அன்னைக்கித்தான் அம்மா கை ஒடிஞ்சது, மூணாவது ஆப்பிள் மாமா, அதுக்கு பெல்ட்டு, பாத்ரூம்ல யாரும் வழுக்கல்ல. புள்ளைக்கு காய்ச்சலு வே என்று அப்பா எழுகிறார், இரும் கஸ்பாரு என்கிறார் மாமா, அந்தக் குரலில் சிரிப்பில்லை, அப்பா உட்கார்ந்துவிடுகிறார், அம்மா அடுப்படி வாசலுக்கு வந்து நிற்கிறாள், மாமா அவள் புருவத்தைப் பார்க்கிறார், கோணலாகக் கூடிய கையைப் பார்க்கிறார், இத்தனை ஞாயிறும் அந்தக் கை வறுத்த கடலையைத் தின்றவர், வாயிலிருந்ததை விழுங்க முடியாமல் உள்ளங்கையில் துப்புகிறார். அப்பா கீழே வைத்த கோப்பையின் உட்சுவரில் கோடு இறங்குகிறது, நிற்கிறது, மறுபடி இறங்குகிறது, அவ்வளவு மெதுவாக, எத்தன வருசமாம்மா என்று மாமா கேட்கிறார், பதினெட்டுண்ணே என்கிறாள் அம்மா.