பிரேக்கை மிதித்தால் நிற்கிற கார்

இன்ஜின் இரண்டு முறை செருமிவிட்டு மறுபடியும் அணைந்தது. ஸ்பேனரக்கா பானட்டுக்குள் குனிந்தபடியே கண்ணை மூடிக்கொண்டாள். சொந்தப் பட்டறை போட்ட பத்தொன்பது வருஷத்தில் அவளுடைய நிஜப் பெயரை ஊர் மறந்துவிட்டது.

"அக்கா, மணி ஒன்னாகப் போகுது," ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தங்கை சொன்னாள்.

"தெரியும்டி. நானும் அதே கடிகாரத்தைத்தான் பாக்குறேன்."

மூன்று மணிக்கு ரயில். ஸ்டேஷனுக்கு ஒரு மணி நேர ஓட்டம். வேறு ஊரில் தங்கைக்கு வேலையும் தங்க ஓர் அறையும் கிடைத்திருந்தன. புருஷனிடம் அவள் மூச்சு விடவில்லை. அவள் ஓட்டும் காரின் கிலோமீட்டரை ராத்திரிதோறும் நோட்டில் குறித்துவைக்கிறவன் அவன். டாக்ஸி ஆபீஸில் வண்டி அனுப்புகிற வேலை. எந்த வாடகைக் காரில் ஏறினாலும் பத்தாவது நிமிஷம் அவன் காதுக்குப் போய்விடும். அவன் ஷிஃப்ட் முடிவது இரண்டு மணிக்கு. அதற்குள் தன்னுடைய இந்த முப்பது வருஷத்துக் கிழட்டுக் காரில் அவள் ஊரைத் தாண்டியாக வேண்டும்.

விரிசல் விட்ட ரப்பர் ஹோஸ்களையெல்லாம் அக்கா நேற்றே கழற்றி எறிந்திருந்தாள். ரேடியேட்டரின் தடித்த குழாய்கள், இன்ஜின் காற்றை உறிஞ்சுகிற விரல் பருமன் குழாய்கள், எல்லாமே புதுசு, புது கிளிப். ஆனாலும் எங்கோ ஒரு பொத்தல் வழியாக வேண்டாத காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. கிளீனர் ஸ்ப்ரேயை மூட்டு மூட்டாகப் பீய்ச்சிப் பார்த்தாள். பொத்தல் இருக்கிற இடத்தில் பட்டால் இன்ஜின் சத்தம் மாறும். மாறவில்லை. ஒரு துண்டு ஹோஸைக் காதில் வைத்து, மறுமுனையை மருத்துவர் போல ஒவ்வோர் இடமாக நகர்த்தினாள். இன்ஜின் துடிப்பு, ஃபேன் இரைச்சல், அதற்கு மேல் தன் நெஞ்சு அடிக்கிற சத்தம்.

"உனக்கு நான் போறது பிடிக்கலையா?" என்று தங்கை திடீரென்று கேட்டாள்.

"லூசு மாதிரி பேசாத. ஸ்டார்ட் பண்ணு. பிரேக்கை மிதி."

மிதித்தாள். இன்ஜின் செத்தது. பெடலுக்குப் பின்னாலிருந்து உஸ்ஸென்று ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது.

பிரச்சினை ஹோஸில் இல்லை. பிரேக்கை இலேசாக்குவதற்காக இன்ஜினிலிருந்து உறிஞ்சல் வாங்கிக்கொள்கிற தகர டப்பா, பூஸ்டர். அதற்குள்ளிருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்திருந்தது. சிக்னலில் பிரேக் போடும்போதெல்லாம் கார் நின்றது இதனால்தான். காலையிலேயே செய்திருக்க வேண்டிய சோதனையை இப்போதுதான் செய்திருக்கிறாள்.

"அந்தக் குழாயை அடைச்சிடுக்கா. ஓட்டிட்டுப் போயிடறேன்."

"அடைச்சா இன்ஜின் வெண்ணெய் மாதிரி ஓடும். பிரேக்கு பாறாங்கல்லா இருக்கும். பாலத்து இறக்கத்துல நீ அதுமேல ஏறி நின்னாலும் நிக்காது."

தங்கை ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தாள். அழவில்லை. அழாததுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

வாசலில் அவளுடைய பிக்கப் வண்டி நின்றது. நான்கு மணி நேரமாக அங்கேயேதான் நிற்கிறது. சாவி இடுப்பில் தொங்குகிறது. தோன்றவே இல்லையே என்று திகைத்தாள். திகைப்புக்கு அடியில் வேறொன்று இருந்தது. கார் ஓடாத வரைக்கும் தங்கை இங்கேயே இருப்பாள். பொத்தலைத் தேடிய கைக்கு அது தெரிந்திருக்கிறது, தலைக்குத்தான் தெரியவில்லை. வெட்கம் சூடாகக் கழுத்தில் ஏறியது.

சாவியைக் கழற்றி நீட்டினாள். "ஸ்டேஷன் வாசல்ல விட்டுடு, நான் எடுத்துக்கறேன். ரயில் நகர்ந்ததும் ஒரு ரிங் குடு, அவ்வளவுதான். போ, நின்னு பாக்காத."

பிக்கப் கிளம்பும்போது மணி ஒன்று நாற்பது. அரை மணி நேரத்தில் புருஷன் வந்து நின்றான்.

"அவ எங்கக்கா? போன் எடுக்கல."

"தலைவலின்னா தம்பி. மாத்திரை போட்டு உள் ரூம்ல படுத்திருக்கா."

அவன் உள் அறைப் பக்கம் இரண்டு எட்டு வைத்தான். அக்கா பானட்டைத் தட்டிக் கூப்பிட்டாள். "தம்பி, ஒரு நிமிஷம். காரு ஏன் நிக்குதுன்னு என்னால கண்டுபிடிக்க முடியல. நீங்க வண்டியோடவே கிடக்கறவர், வந்து பாருங்க."

அவன் நின்றான். ஏழு வருஷத்தில் அவள் அவனிடம் எதையும் கேட்டதில்லை. திரும்பியபோது அவன் முகமே மலர்ந்திருந்தது.

"நேத்து என்ன பண்ணீங்க?"

"ஹோஸ் எல்லாம் மாத்தினேன்."

"அப்ப அங்கதான் கோளாறு. பொம்பளைங்க கிளிப் முடுக்கினா வளையல் போடற மாதிரிதான் போடுவீங்க. எல்லாத்தையும் கழட்டுங்க."

"நீங்க சொன்னா சரிதான்."

நேற்று பார்த்துப் பார்த்து மாட்டிய ஒவ்வொரு ஹோஸையும் அவள் கழற்றினாள். அவன் விரலால் தடவிப் பார்த்தான், ஊதிப் பார்த்தான், இரண்டைத் தலைகீழாக மாட்டச் சொன்னான். மாட்டினாள். இந்தக் கைகளுக்கு இவ்வளவு மெதுவாக வேலை செய்யத் தெரியும் என்று அவளுக்கே தெரியாது. இரண்டு முப்பத்தைந்து. இரண்டு ஐம்பது.

"உங்க பிக்கப் எங்க?" என்றான் திடீரென்று, வாசலைப் பார்த்து.

"பெயிண்டர் கேட்டாரு. சாமான் ஏத்தறதுக்கு."

அவன் அவளையே பார்த்தான். அவள் கிளிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருகாணியில் ஸ்க்ரூடிரைவர் ஒருமுறை வழுக்கியது, மறுமுறை உட்கார்ந்தது.

"மாட்டியாச்சு தம்பி. உக்காந்து ஸ்டார்ட் பண்ணுங்க."

இன்ஜின் நடுங்கிக்கொண்டு ஓடியது. "பாத்தீங்களா, இப்ப பரவாயில்ல," என்றான் அவன்.

"பிரேக்கை மிதிங்க."

நின்றுவிட்டது. அவன் திட்டினான். மறுபடி ஸ்டார்ட் செய்தான், மறுபடி மிதித்தான். மூன்று அடித்து நான்கு நிமிஷம். ஐந்து. ரயில் தாமதமாக இருக்கலாம். பாலத்தில் நெரிசலாகவும் இருக்கலாம்.

"போதும்," என்று அவன் கதவைத் திறந்தான். "அவளை எழுப்பறேன், வீட்டுக்குப் போறோம்."

ஒரு காலைத் தரையில் வைத்துவிட்டான். அப்போது அவள் பாக்கெட்டில் போன் ஒரு முறை அடித்து நின்றது. இனிமேல் பொய் சொல்ல வேண்டியதில்லை என்பது ஒரு களைப்பைப் போல உடம்பெல்லாம் பரவியது.

"ரூம்ல யாரும் இல்ல தம்பி. மூணு மணி ரயில்ல போயிட்டா. எந்த ஊருன்னு என்கிட்ட கேக்காதீங்க."

அவனுக்குப் புரிய நேரம் பிடித்தது. அவள் கழற்றி மாட்டிய ஹோஸ்களையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். எழுந்து அவளுக்கு மிக அருகில் வந்து நின்றான். அவனுடைய மூச்சு அவள் முகத்தில் பட்டது.

அவள் நகரவில்லை. பயம் இருந்தது. ஆனால் அது அவளுக்கான பயம் மட்டும்தான், தங்கைக்கானது இல்லை. அந்த அளவு பயத்தை அவளால் தூக்க முடியும்.