பதினேழாம் எண் கார்

எங்கள் வீட்டில் மெயில் ஐடி ஒன்றே ஒன்றுதான். கேஸ் புக்கிங், கரண்ட் பில், திருப்பதி தரிசன டிக்கெட், எங்கள் பெண் ஸ்ரேயா படித்த காலத்தில் அவள் காலேஜ் ரசீதுகள் எல்லாம் அதற்குத்தான் வரும். அது என் கணவர் சுந்தரேசனின் பெயரில் இருக்கிறது. வேறு யார் பெயரில் இருக்கும்? ரேஷன் கார்டிலிருந்து காலிங் பெல்லுக்கு மேலே இருக்கும் பலகை வரை எங்கள் வீட்டில் எல்லாம் அவர் பெயர்தான்.

அதனால் மூன்று வருஷத்துக்கு முன்னால் இணையத்தில் அந்தக் கார் வடிவமைக்கும் குழுவில் சேர்ந்தபோது, 'கூகுள் மூலம் உள்ளே வாருங்கள்' என்ற பட்டனை நான் யோசிக்காமல் அழுத்திவிட்டேன். அடுத்த நிமிஷம் திரையில் 'வருக, சுந்தரேசன்!' என்று வந்தது. பக்கத்தில் டை கட்டிய அவருடைய போட்டோ, ப்ரமோஷன் வந்தபோது எடுத்தது. மாற்ற வழி தேடினேன். பெயரை மாற்ற முடியாதாம். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். உண்மையைச் சொன்னால், அந்தப் பெயரில் எது சொன்னாலும் யாரும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள் என்பது எனக்கு இருபத்தெட்டு வருஷ அனுபவம்.

அந்தக் குழுவைப் பற்றிச் சொல்லவேண்டும். ஸ்ரேயா வேலை கிடைத்து ஹைதராபாத்தின் இன்னொரு கோடியில், மாதாப்பூரில் தோழிகளோடு வீடு எடுத்துப் போனபோது தன் பழைய லேப்டாப்பை விட்டுவிட்டுப் போனாள். அதில் ஒரு விளையாட்டு இருந்தது. கதவு எவ்வளவு அகலம், சீட் எவ்வளவு உயரம், எஞ்சின் எங்கே, விளக்கு என்ன வடிவம் என்று ஒரு காரை முழுசாக நாமே செய்யலாம். அதை ஆடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களுக்குள் ஒரு போட்டி. ஒருவர் நடுவராக இருந்து, கற்பனையாக ஒரு வாடிக்கையாளரைச் சொல்வார். மற்றவர்கள் அந்த ஆளுக்கு ஒரு கார் செய்து அனுப்புவார்கள். நடுவர் ஒவ்வொரு காருக்கும் தீர்ப்பு எழுதிக் கழித்துக்கொண்டே வருவார். கடைசியில் ஜெயிப்பவர்தான் அடுத்த சுற்றுக்கு நடுவர். பரிசு கிடையாது, கோப்பை கிடையாது. அந்த நாற்காலிதான் பரிசு.

என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. இருபது வருஷமாக இருக்கிறது. கற்றுக்கொண்ட முதல் வாரத்தில் காரை கேட்டுக்குள் விடும்போது இடது பக்கக் கண்ணாடி தூணில் உரசிவிட்டது. ஒரு கீறல். "உனக்கு எதுக்கு இந்த டென்ஷன்?" என்று அவர் சாவியைப் பாக்கெட்டில் போட்டார். போட்டது போட்டதுதான். ஐம்பது வயதில் லைசென்ஸைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனேன், பஸ்ஸில்.

போன ஜூனில் அவர் ரிடையர் ஆனார். இங்கே ஏ.எஸ்.ராவ் நகரில் பாதிப் பேர் வேலை பார்த்த அதே எலெக்ட்ரானிக்ஸ் ஃபாக்டரியில், க்வாலிட்டி கண்ட்ரோலில், முப்பத்தைந்து வருஷம் வந்த பொருளையெல்லாம் திருப்பி அனுப்பியவர். இப்போது வீட்டில் திருப்பி அனுப்ப நான் வைக்கும் ரசம் இருந்தது. பகல் பதினோரு மணியிலிருந்து மூன்று மணிவரை எனக்கென்று இருந்த வீடு போயிற்று. அவர் ஹாலில், நான் அடுக்களையில், நடுவில் 'கல்பு' என்ற கூப்பாடு. லேப்டாப்பை அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கார் செய்தேன். வேறு எந்த வழியிலும் எனக்கு மூச்சு வரவில்லை.

நாற்பத்தோராவது சுற்றில் நான் ஜெயித்தேன். மலைக்கிராமங்களுக்குப் போகும் ஒரு பிரசவ நர்ஸுக்கான கார். ஈரக் குடையை வைக்க இடம், குனியாமல் பையை ஏற்றுகிற மாதிரி தாழ்வான டிக்கி. 'இந்த மனிதர் காருக்குள் உட்கார்ந்து நிறைய யோசித்திருக்கிறார்' என்று தீர்ப்பில் எழுதியிருந்தார்கள். அதை நான் நாலு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை படிப்பதற்குள் ஹாலிலிருந்து சத்தம்.

"கல்பு! எவனோ எனக்கு கங்கிராஜுலேஷன்ஸ்னு மெயில் போட்டிருக்கான். ஃப்ராடா பாரு."

ஆபீஸ் போன காலத்தில் அந்த மெயிலை அவர் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இப்போது செருப்புக் கடை விளம்பரம் வந்தாலும் கடைசி வரி வரை படிப்பார். நான் சொல்லவேண்டியதாயிற்று. முழுவதும் கேட்டார். தீர்ப்பைப் படித்தார். முகம் மலர்ந்தது.

"நன்னா எழுதியிருக்கானே! அடுத்த ஜட்ஜ் சுந்தரேசன்னு போட்டிருக்கான் பாரு."

"ஏன்னா, அது நான்."

"உனக்கு ஜட்ஜ் பண்ணத் தெரியுமாடி? இதெல்லாம் இன்ஸ்பெக்‌ஷன். என் ஃபீல்டு. என் பேர்லதானே இருக்கு?"

என் பெயரில் இல்லை என்பதை என்னால் மறுக்க முடியவில்லை. சாயங்காலம் பார்க்கில் நடக்கும்போது பக்கத்துத் தெரு ஜெகதீஸ்வரன் "என்ன சார், இன்டர்நேஷனல் லெவல்ல ஜட்ஜாமே!" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். என்னைப் பார்த்து, "நீங்க ரொம்ப லக்கிம்மா" என்றார். நான் சிரித்து வைத்தேன்.

அவருக்கு ஒரு விரலால்தான் டைப் அடிக்கத் தெரியும். எனவே அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். வாடிக்கையாளர் யார்? வயது அறுபது, பொதுத்துறை நிறுவனத்தில் உயர்ந்த பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல ரசனை உள்ளவர், வருஷத்துக்கு இரண்டு முறை மனைவியோடு ஸ்ரீசைலம் போகிறவர். பிரேசிலிலிருந்து ரஃபா என்பவர், 'மனைவிக்கு என்ன தேவை?' என்று கேட்டார்.

"ஒண்ணும் தேவையில்லைன்னு போடு. பக்கத்துல உக்காந்து வருவா."

போட்டேன்.

மறுநாள் ஸ்ரேயாவுக்கு போன் செய்தேன். எனக்கென்று ஒரு மெயில் ஐடி வேண்டும் என்றேன்.

"அம்மா, சீரியஸ்லி? உனக்கு மெயில் ஐடியே லேதா? கைக்கு?" 'கைக்கு' என்றால் ஏன். அதைக் கேட்க அவளுக்கு இந்த ஊர்ப் பாஷைதான் வரும். "சும்மாதான்," என்றேன். அவளும் வற்புறுத்தாமல் ஐந்து நிமிஷத்தில் செய்து கொடுத்தாள். முதல் முறையாகத் திரையில் 'வருக, கல்பகம்!' என்று வந்தது.

கணக்கு எளிது. இவர் நடத்தும் சுற்றில் நான் ஜெயித்துவிட்டால் அடுத்த நடுவர் கல்பகம். அதை இவர் தன் பெயர் என்று சொல்ல முடியாது. என் நாற்காலி என்னிடம் வந்துவிடும். ஜெயிக்க முடியுமா என்ற சந்தேகமே எனக்கு வரவில்லை. அந்த அறுபது வயதுக்காரரை இந்த உலகத்தில் என்னைவிடத் தெரிந்தவர் யார்? அவர் முதுகுக்கு எந்தச் சாய்வு ஒத்துவரும், ஃப்ளாஸ்க்கை எங்கே தேடுவார், மூக்குக் கண்ணாடிக் கூட்டை எங்கே வைத்துவிட்டு எங்கே தேடுவார் என்று எனக்கு மனப்பாடம். பத்து நாள் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் நின்றபடியே அந்தக் காரைச் செய்தேன். பால் இரண்டு தடவை பொங்கி வழிந்தது. திட்டு வாங்கிக்கொண்டேன்.

பெயரைப் பார்த்தால் மாட்டிக்கொள்வோமே என்று பயந்தேன். அதற்கு அவரே வழி செய்தார். "பேரெல்லாம் படிக்காதே. க்வாலிட்டில எவன் பண்ணினான்னு பாக்கப்படாது. நம்பர் போடு. பீஸைப் பாத்துத்தான் தீர்ப்பு." ஃபாக்டரியில் அவர் அப்படித்தான் செய்வாராம். முப்பத்தொரு கார்கள் வந்திருந்தன. நம்பர் போட்டேன். என்னுடையது பதினேழு.

ஐந்து மத்தியானம் இந்த வேலை என்று வைத்துக்கொண்டோம். ஒன்றை ஒத்துக்கொள்ளவேண்டும், அவர் தீர்ப்புகள் பிரமாதமாக இருந்தன. கூர்மையாக, கொஞ்சம் குத்தலாக. குழுவில் எல்லோரும் ரசித்தார்கள். 'இதுவரை வந்த நடுவர்களில் இவர்தான் சிறந்தவர்' என்று ரஃபா எழுதினார். ஒவ்வொரு நாளும் காலைக் காபியோடு முந்தின நாள் பதில்களையெல்லாம் நான் சத்தமாகப் படிக்கவேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். என் குரலிலேயே என் இடம் கைநழுவிப் போவதைத் தினமும் காலையில் கேட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் பதினேழு வந்தது. படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன்.

"அட! முதுகுக்குத் தோதா சீட் போட்டிருக்கானே. ஃப்ளாஸ்க்குக்கு இடம் பாரு, கதவுல. மூக்குக் கண்ணாடிக்கும் ஒரு குழி. இவன் ஆளைப் புரிஞ்சிண்டு பண்ணியிருக்கான் கல்பு."

 சந்தோஷத்தில் சிரித்துவிடப் போகிறேனோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அடுத்தது டாஷ்போர்டு. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏசி திருகுறது, பாட்டு வைக்கறது, ஜன்னல் பட்டன், எல்லாத்தையும் இடது பக்கமா திருப்பி வச்சிருக்கான்! டிரைவர் எட்டித் தொடணும்னா கழுத்து சுளுக்கிக்கும்."

அவர் எப்போது ஏசியைத் தொட்டிருக்கிறார்? 'கல்பு, ஏசியைக் குறை.' 'கல்பு, அந்தப் பாட்டை மாத்து.' 'கல்பு, டோல் வருது, ஜன்னலைத் திற.' இத்தனை வருஷமாகக் காரில் அவர் தொடுவது ஸ்டியரிங்கும் கியரும்தான். நான் கண்ணால் பார்த்ததைத்தான் செய்திருந்தேன். வேறு மாதிரி ஒரு கார் இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

"எழுது," என்றார். "சீட் நன்று. ஆனால் இதை வடிவமைத்தவர் வாழ்க்கையில் கார் ஓட்டியதே இல்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவர். காரைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. நிராகரிக்கப்படுகிறது."

என் விரல்கள் நின்றன.

"என்ன, ஸ்பெல்லிங் வரலையா?"

"வரது."

அடித்தேன். ஒரு எழுத்து விடாமல் அடித்து அனுப்பினேன்.  அவர் பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அத்தனையும் நிஜமாக இருந்ததுதான் தாங்கவில்லை. அடுக்களைக்குப் போனேன். கைப்பேசியில் என் புது மெயிலுக்கு ஒரு செய்தி வந்து நின்றது: 'கல்பகம், உங்கள் காருக்கான தீர்ப்பு வந்துவிட்டது.' அந்தக் குழுவில் ஒரு மரியாதை உண்டு. தோற்றவர்கள் கீழே ஒரு வரி எழுதி நடுவருக்கு நன்றி சொல்லவேண்டும். நானும் எழுதினேன். குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் எழுதி முடித்துவிட்டேன்.

மறுநாள் காலை அவர் பார்க்கிலிருந்து வந்தார். காபியைக் கையில் கொடுத்தேன். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"படி."

பன்னிரண்டாம் எண்காரர் நன்றி சொல்லியிருந்தார். பதினான்காம் எண்காரர் டயரைப் பற்றிக் கொஞ்சம் முரண்டு பிடித்திருந்தார். படித்தேன். அவர் புன்னகைத்தார்.

"அடுத்தது பதினேழு," என்றேன்.

"அந்தக் கழுத்து சுளுக்குக்காரனா? படி, படி."

படித்தேன்.  

"'நடுவருக்கு நன்றி. நீங்கள் சொன்னது சரி. ஒரு வாரத்துக்கு மேல் நான் கார் ஓட்டியதில்லை. இருபது வருஷமாக லைசென்ஸ் வைத்திருக்கிறேன். கார் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. சாவி நடுவரின் பாக்கெட்டில் இருக்கிறது. சென்ற சுற்றில் ஜெயித்த காரும் நான் செய்ததுதான். இப்படிக்கு, கல்பகம் சுந்தரேசன், ஏ.எஸ்.ராவ் நகர், ஹைதராபாத்.'"

அவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார், லேப்டாப்பைப் பார்த்தார்.  அவருடைய வலது கை மட்டும் தானாகப் பாக்கெட்டுக்குப் போய், சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டது.

"இதுக்குக் கீழே நாப்பத்திரண்டு பேர் எழுதியிருக்கா," என்றேன். "எல்லாருக்கும் ஒரே கேள்வி. நடுவர் என்ன சொல்றார்னு ரஃபா கேக்கறார்."

விரல்களை எழுத்துகளின் மேல் வைத்துக்கொண்டேன்.

"சொல்லுங்கோ. டைப் பண்றேன்."