மூடிய கை

ரம்பத்துக்கு அடியில் வெள்ளத்துரையின் கை நுழைகிறது, மரத்தூள் அடைத்துவிட்டது, வாரினால்தான் ரம்ப வட்டம் சுற்றும், இந்த மோட்டார் நிற்கிறது, பக்கத்து மிஷின்கள் ஓடுகின்றன, செங்கோட்டைப் பக்கத்து எங்கள் மில்லில் பகல் முழுக்க வாய்ப்பேச்சு எடுபடாது, கைதான் பேசும், விரித்தால் சுவிட்சைப் போடு, மூடினால் வேண்டாம், என் வலக்கையிலோ கட்டைவிரல் மட்டும், மற்ற நாலும் முந்தின வருஷமே போயின, அறுக்கிற கோடு மறைக்கிறதென்று ரம்பத்தின் மூடியைக் கழற்றி மூலையில் சாத்தியது நானேதான், யாரைக் குறை சொல்ல. அப்புறம் நான் விரித்துக் காட்டினாலும் மூடின கையாகத்தான் தெரிந்தது, அண்ணாச்சி மூடுனா போடுன்னு அர்த்தம்ல என்று சுவிட்சுப் பலகையில் நிற்கும் கோமதிநாயகம் சிரித்துச் சிரித்தே அதை வழக்கமாக்கிவிட்டான், வேண்டாம் என்றால் இடக்கையை ஆட்டுவேன், நானும் கூடச் சிரித்தேன்.

அன்றைக்கு இடக்கை உருளப்பார்த்த தேக்குத் தடியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது, கோமதி தலையை அசைத்துப் போடவா என்கிறான், வெள்ளத்துரை குனிந்திருப்பது அவனுக்குத் தெரியவில்லை, நான் பதறி வலக்கையைத் தூக்குகிறேன், வேண்டாம் வேண்டாம் என்று கத்துகிறேன், எனக்கே கேட்கவில்லை, அவன் தலையாட்டிவிட்டுப் போட்டான்.

வெள்ளத்துரைக்கு இரண்டு விரல் போயிற்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் கோமதி அழுகிறான், நீங்க போடுன்னுதான காட்டுனிய அண்ணாச்சி, ஆமாம் என்றேன், அவன் தப்பு அதில் என்ன இருக்கிறது, மறுநாள் மூலையில் கிடந்த மூடியை நானே துடைத்து மாட்டினேன், அடியில் கை விடுகிறவன் முதலில் பலகையிலிருந்து பீஸ் கட்டையைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், கட்டை அவன் மடியில் இருக்கிறவரை யார் சுவிட்சைப் போட்டாலும் ரம்பம் அசையாது, சைகையே வேண்டாம் என்றேன், முதலாளி முகத்தைச் சுளித்தார், வேலை கெடும்லா வே என்றார், கெடட்டும் என்றேன்.

ஐந்து மாதம் கழித்து இன்றைக்கு வெள்ளத்துரை வேலைக்கு வந்திருக்கிறான், மத்தியானமே ரம்பம் அடைத்துவிட்டது, பீஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் செருகினான், இரண்டு தடவை தொட்டுப் பார்த்தான், குனிந்தான், நிமிர்ந்துவிட்டான், நான் பக்கத்தில் போய், கைய விடு மக்கா, நான் பாத்துக்கிடுதேன் என்றேன், அவன் என் காதருகே வந்து, மரியாதையாகத்தான் சொன்னான், கொஞ்சம் வெளிய போய் நில்லுங்க அண்ணாச்சி, நீங்க நின்னா எனக்குப் பயமா இருக்கு.

நான் வெளியே போய் நின்றேன்.