மச்சான் கண்ணில் இரும்பு

என் மச்சானின் இடது கண்ணுக்குள் ஒரு முழுக் கடப்பாரை இருக்கிறது. நாற்பது வருடமாக இருக்கிறது. மழைக்காலத்தில் துருப்பிடித்து, கண்ணீர் காவி நிறத்தில் வரும். இரும்புக் கடையைத் தாண்டும்போது தலை தானாக அந்தப் பக்கம் திரும்பும். இதை நான் கல்யாண வீடு, சாவு வீடு, சலூன் என்று ஓர் இடம் விடாமல் சொல்லியாயிற்று. எல்லோரையும்விட அதிகம் சிரித்தவன் மச்சான்தான்.

அவன் என் மனைவியின் அண்ணன். ஒரே பட்டறையில் முப்பத்தைந்து வருடம் இரும்பு வெட்டி ஓய்வு பெற்றவர்கள் நாங்கள். கண்ணில் இரும்புத்தூள் விழுவதை அங்கே யாரும் காயம் என்று சொல்வதில்லை. தும்மல் மாதிரி அது. கைக்குட்டை முனையை நனைத்து ஒருத்தர் கண்ணை ஒருத்தர் துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். அந்த வைத்தியத்தில் நான்தான் பெரிய டாக்டர். யானைக்குக்கூட எடுத்துவிட்டிருக்கிறேன்.

போன மாதம் மச்சான் படியில் விழுந்தான். தலைக்குள் கட்டி என்றார்கள். எவ்வளவு ஆழம் என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால்தான் கத்தி வைக்கலாமா என்று சொல்வார்களாம். மூன்று வாரம் காத்திருந்து முறை வந்தது.

அந்த ஸ்கேன் எந்திரத்துக்குள் இருக்கும் காந்தம் எந்நேரமும் இழுத்துக்கொண்டே இருக்குமாம். ஸ்கேன் எடுக்கும் பெண் கடிகாரம், பெல்ட், சில்லறை, பல்செட் எல்லாவற்றையும் வாங்கித் தட்டில் வைத்தாள். சோப்பு போட்டு மோதிரத்தைக் கழற்றினாள். பிறகு, அவன் நிரப்பிக் கொடுத்த தாளைப் பார்த்தாள்.

“கண்ணுல எப்பவாவது இரும்பு போயிருக்கா ஐயா?”

“இல்லம்மா.”

“என்ன வேலை பாத்தீங்க?”

“பட்டறையில.”

அவள் பேனா நின்றது. “உள்ள துளி இரும்பு இருந்தாலும் காந்தம் அசைச்சிடும். பார்வையே போயிடலாம். நல்லா யோசிச்சு சொல்லுங்க.”

“இருக்கும்மா,” என்றேன் நான்.

மச்சான் பொக்கை வாயால் சிரித்தான். “இவன் பேச்சை நம்பாதீங்க. வாயைத் திறந்தா புளுகு. இப்ப கடப்பாரைம்பான் பாருங்க.”

உண்மை பேசிப் பழக்கமில்லாததால் எனக்கு நாக்கு புரளவில்லை.

“கடப்பாரை இல்லம்மா. நான் உளியை அடிச்சேன். அதோட தலையிலேருந்து ஒரு சில்லு தெறிச்சு இவன் கண்ணோரத்துல ஏறிடுச்சு. இடுக்கியால இழுத்தேன். பாதிதான் வந்துச்சு.”

“முழுசா வந்துடுச்சுன்னு நீதானடா சொன்னே?”

“பொய் சொன்னேன். ரெண்டு பேருமே பாதுகாப்புக் கண்ணாடி போடல. ஆஸ்பத்திரிக்குப் போனா ஃபோர்மேனுக்குத் தெரிஞ்சு வேலை போயிடும். உன் தங்கச்சியைக் கட்டி அப்ப ஆறு மாசம்.”

“புளுகாதே.” மச்சானின் குரல் இறங்கிவிட்டது. “இந்த ஸ்கேனைத்தான்டா நம்பிக்கிட்டு இருக்கேன். கெடுத்துடாதே.”

“நெசமோ பொய்யோ, எக்ஸ்ரே பாக்காம உள்ள விடமாட்டேன்,” என்றாள் அந்தப் பெண்.

அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் சொன்னது பொய்யாகப் போகட்டும் என்று ஆயுளில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

படத்தில், இடது கண்குழியின் இருட்டில், நொய் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி.

“இதை வச்சுக்கிட்டு இந்த ஸ்கேன் முடியாதுங்க,” என்றாள். “டாக்டர்கிட்ட பேசிட்டேன். வேற ஸ்கேன் எடுக்கலாம்னாரு. ஆனா, கட்டி இவ்வளவு தெளிவாத் தெரியாது. தெரிஞ்ச வரைக்கும் வச்சுத்தான் முடிவு பண்ணணுமாம்.”

மச்சான் பல்செட்டை மாட்டிக்கொண்டான். மோதிரத்தைப் போடப் பார்த்தான். விரல் கணுவைத் தாண்டி நுழையவில்லை. நான் போட்டுவிட்டேன். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“நெசமாவே நடந்துதான்டா இருக்கு,” என்றான், புள்ளியைப் பார்த்தபடியே. “நீ ஊர் பூரா சொல்லிக்கிட்டுத்தான் இருந்தே. நான்தான் சிரிச்சுக்கிட்டு இருந்துட்டேன்.”