டேங்கில் மிச்சமிருந்த காற்று

அரை மணி நேரத்தில் தீர்ந்திருக்க வேண்டிய காற்று அந்தக் கம்ப்ரஸர் டேங்கிலிருந்து இருபத்தாறு நாள் வந்தது. டேங்க் ஆறாயிரம் லிட்டர் பிடிக்கும். தொழிற்சாலையை மூடிப் பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. மின்சாரத்தைத் துண்டித்திருந்தார்கள், பிறகு மின்சாரக் கம்பிகளை யாரோ திருடியிருந்தார், திருடியவரும் வயதாகி வேறு ஊருக்குக் குடிபோயிருந்தார். டேங்கின் மேல் இருந்த பிரஷர் கேஜில் முள் சுழியத்தோடு சேர்ந்து துருப்பிடித்திருந்தது. இவ்வளவையும் பார்த்துவிட்டுத்தான் உடைப்பு மேஸ்திரி, வேலை தொடங்கிய நாலாம் நாள், டேங்கின் அடியில் இருந்த வடிகால் வால்வைக் கழற்றினார். காற்று வந்தது. சீறவில்லை, விசிலடிக்கவில்லை. சூடான டீயை ஒருவர் ஊதிக் குடிக்கிற நிதானத்தில் வந்தது. மேஸ்திரி உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் தீர்ந்துவிடும் என்று கை கழுவப் போனார்.

அது ஒரு கண்ணாடி பாட்டில் தொழிற்சாலை. உருகிய கண்ணாடியை அச்சில் விட்டு உள்ளே காற்றை ஊதினால்தான் பாட்டிலுக்கு வயிறு வரும். முப்பத்தொரு வருடம் அந்த ஒற்றைக் கம்ப்ரஸர்தான் மருந்து பாட்டிலுக்கும் எண்ணெய் பாட்டிலுக்கும் மை பாட்டிலுக்கும் ஊதியது. ஆள் உயர ஃப்ளைவீல், இருநூற்றைம்பது குதிரைத் திறன் மோட்டார், இரண்டு சிலிண்டர், நடுவில் காற்றைக் குளிரவைக்கிற செப்புக் குழாய்க் கட்டு, அடுத்த கூடத்தில் இந்த டேங்க். டேங்கைப் படுக்கவைத்த பிறகுதான் அந்தக் கூடத்துக்குச் சுவரே எழுப்பியிருந்தார்கள். இடத்தை வாங்கியவர்கள் அடுக்குமாடி வீடு வரப்போவதாகப் பலகை நட்டுவிட்டு, இயந்திரத்தைப் பிரித்து எடுத்துக்கொள்ள மேஸ்திரியிடம் விலை பேசிவிட்டார்கள். முப்பது நாள் தவணை. முப்பத்தோராம் நாள் காலையில் சுவரை இடிக்கிற வண்டி வரும்.

மேஸ்திரி எந்த இயந்திரத்திலும் முதலில் பித்தளையில்தான் கை வைப்பார். இரும்பை யாரும் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. பித்தளைக்குக் கால் உண்டு என்பது அவர் அனுபவம். அதனால் வால்வு, நிப்பிள், எண்ணெய்க் கிண்ணம் எல்லாம் முதல் வாரத்திலேயே சாக்கில் ஏறி உலைக்குப் போய்விடும். டேங்கின் வடிகால் வால்வும் அப்படித்தான் போனது. காற்று நிற்கப் போவதில்லை என்று அவருக்குப் புரிந்தபோது அந்த வால்வு உருகி வேறு எதுவாகவோ ஆகியிருந்தது. மரக்கட்டையைச் சீவி அடித்துப் பார்த்தார்கள். காற்று பழைய வெல்டிங் ஒன்றின் வழியாக வர ஆரம்பித்தது. எங்கேயோ வந்து தொலையட்டும் என்று கட்டையைப் பிடுங்கிவிட்டார்கள்.

காற்று உள்ள டேங்கில் மேஸ்திரி நெருப்பு வைக்க விடமாட்டார். கேஜ் முள்ளையும் நம்பமாட்டார். ஓட்டைக்கு நேராக ஒரு நூலைத் தொங்கவிடுவார். நூல் அசையாமல் நின்றால்தான் கேஸ் கட்டரைப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்வார். அவருடைய அண்ணனும் இதே தொழில் செய்தவர். முள் சுழியத்தில் இருந்த ஒரு டேங்கை நம்பி வெட்டப் போனார். அதற்குள் காற்றும் எண்ணெய் ஆவியும் மிச்சமிருந்தன. அவருடைய ஒரு செருப்பு அடுத்த தெருக் கூரையில் கிடைத்தது. இன்னொன்றைத் தேட வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை.

மேஸ்திரியின் மனைவியைச் சந்தையில் காந்தக்கா என்பார்கள். கையில் எப்போதும் ஒரு காந்தம் இருக்கும். காந்தத்தில் ஒட்டாததை அரத்தால் ஒரு இழுப்பு, ஒட்டுவதைச் சாணைக்கல்லில் ஒரு தொடுதல். தெறிக்கிற பொறியைப் பார்த்தே இது எந்த எஃகு என்று சொல்லிவிடுவாள். இருபத்திரண்டு வருடம் அந்தப் பொறிகளோடு பறந்த தூசியெல்லாம் வேறு போக்கிடம் இல்லாமல் அவளுக்குள்ளேயே குடியேறிவிட்டது. ஊதிப் பார்க்கிற கருவியில் ஊதச் சொன்ன டாக்டர், நுரையீரல் மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்கிறது என்றார். மிச்ச இரண்டு பங்கு என்ன செய்கிறது என்று கேட்டாள். கல்லாகிக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர். இந்த ஒரு பங்கும் அடுத்த வருடம் இருக்கும் என்று சொல்வதற்கில்லை என்பதை மேஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதிலிருந்து காந்தக்கா வேலைக்கு வருவதில்லை. ஒரு மூச்சுக்கு நாலு வார்த்தைக்கு மேல் வராது என்பதால் பேச்சையும் குறைத்துக்கொண்டாள். ஏச்சுகூட நாலு வார்த்தையில் முடிந்தது. வீட்டில் இதற்காகச் சந்தோஷப்பட்டவர் யாரும் இல்லை.

அவள் அங்கே வந்தது ஐந்தாம் நாள். மேஸ்திரியும் கேஸ் கட்டர் பிடிக்கிற அவள் தம்பியும் வித்தியாசம் தெரியாமல் பித்தளையையும் வெண்கலத்தையும் கலந்து அனுப்பிய சாக்கைக் கடைக்காரர் திருப்பி அனுப்பியிருந்தார். பிரித்துக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள், நிழலாக இருந்ததால் டேங்கின் ஓட்டைக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கால் மணி நேரம் கழித்துச் சத்தம் கேட்டது.

“ஏங்க, வெண்கலத்தையும் பித்தளையையும் ஒரே சாக்குல கொட்டி வச்சிருக்கீங்களே, இத்தனை வருஷம் நான் தொண்டை கிழியக் கத்தினது காதுல விழுந்துச்சா இல்ல இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுட்டீங்களா?”

மேஸ்திரி ஸ்பேனரைக் கீழே வைத்தார். தம்பி மாமாவைப் பார்த்தான். இரண்டு பேரும் வார்த்தைகளை எண்ணவில்லை. எண்ணத் தேவையும் இல்லை. “இன்னொரு தடவ திட்டு” என்றார் மேஸ்திரி. அவள் திட்டினாள். இந்த முறை இன்னும் நீளமாக வந்தது.

அதற்குப் பிறகு காந்தக்கா தினமும் வந்தாள். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை அந்தக் காற்றை மூச்சாக எடுத்துக்கொண்டு பித்தளை பிரித்தாள், செப்புக் கம்பிக்குத் தோல் உரித்தாள். வீட்டுக்குப் போனால் இரண்டு மணி நேரம் தாங்கும், பிறகு இளைப்பு தொடங்கும். அந்தக் காற்றில் பழைய தொழிற்சாலையின் சங்கு கேட்டது, தொழிலாளிகள் சிரிப்பது கேட்டது என்றெல்லாம் பின்னால் சிலர் கிளப்பிவிட்டார்கள். அப்படி எதுவும் இல்லை. முதல் நாள் லேசாக எண்ணெய் வாடை அடித்தது, அப்புறம் அதுவும் போய்விட்டது. வெறும் காற்று. கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தது, அவ்வளவுதான்.

இருபதாம் நாளுக்குள் மற்ற வேலையெல்லாம் முடிந்தது. மோட்டாரைப் பிளந்து செம்பை எடுத்தார்கள். ஃப்ளைவீலை மேலிருந்து இரும்புக் குண்டைப் போட்டு எட்டாக உடைத்தார்கள். சிலிண்டர், பிஸ்டன், கிராங்க், அடியில் இருந்த வார்ப்பிரும்புத் தட்டு வரை லாரி ஏறிவிட்டது. ஊதிய இயந்திரம் போய்விட்டதே, இனியாவது காற்று நிற்குமா என்று தம்பி கேட்டான், அது நிற்கவில்லை. மேஸ்திரி தினமும் காலையில் நூலைத் தொங்கவிட்டார். நூல் பறந்தது. அவர் வாழ்க்கையில் ஒரு நூல் பறப்பதைப் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விட்டது அந்த நாட்களில்தான். டேங்கை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய்விட முடியுமா என்று டேப்பை எடுத்துக்கொண்டு தெருவை அளந்தார். டேங்க் நீளம் ஐந்தரை மீட்டர். தெருவில் மூன்று திருப்பம், வீடு இரண்டாவது மாடி, வாடகை. கிரேன்காரரைக் கூட்டி வந்து காட்டினார். கிரேன்காரர் திருப்பங்களைப் பார்த்தார், மாடிப்படியைப் பார்த்தார், கடைசியில் மேஸ்திரியின் முகத்தைப் பார்த்துவிட்டு, வந்ததற்குக் காசு வேண்டாம் என்று சொல்லிப் போய்விட்டார்.

இடத்துச் சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே ஒருவர் இருந்தார், அவர் மணிக்கு ஒரு தடவை போன் செய்வார். இருபத்தொன்பதாம் நாள் சூப்பர்வைசர் வந்து டேங்கைச் சுற்றிப் பார்த்தார். முள் சுழியத்தில் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். உள்ளே காற்று இருக்கிறது, நெருப்பு வைத்தால் வெடிக்கும் என்றார் மேஸ்திரி. ஓட்டையில் கையை வைத்துப் பார்த்தார் சூப்பர்வைசர். “ஓட்டைன்னா காத்து வரத்தான் செய்யும். எங்க வீட்டு ஜன்னல்லகூடத்தான் வருது.” பத்து நாள் கூடுதலாக வேண்டும் என்று மேஸ்திரி கேட்டார். கை கூப்பிக் கேட்டார். அவர் கை கூப்பி அதுவரை யாரும் பார்த்ததில்லை. நாளைக்குக் காலையில் தன் ஆட்களை வைத்து வெட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு சூப்பர்வைசர் போனார்.

முப்பதாம் நாள் வியாழக்கிழமை. காலை பத்து மணிக்கு இரண்டு பேர் கேஸ் சிலிண்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மேஸ்திரி டேங்குக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். ஆட்கள் செத்துவிடக் கூடாது என்று நின்றாரா, காற்று தீர்ந்துவிடக் கூடாது என்று நின்றாரா என்று பின்னால் மச்சினன் கேட்டபோது, தனக்கே தெரியவில்லை என்றார். பொய் சொல்கிற வழக்கம் அவருக்கு இல்லாததால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முக்காலியில் உட்கார்ந்திருந்த காந்தக்கா அந்த இரண்டு பேரையும் பார்த்தாள். ஒருவர் கட்டர் முனையைத் துடைத்துக்கொண்டிருந்தார், நூல் பறப்பதை அவர் கவனிக்கவே இல்லை.

“கல்யாணம் ஆயிடுச்சாப்பா?”

“போன மாசம்தாங்க்கா.”

“அப்ப அந்த ஓரமா உக்காருங்க ரெண்டு பேரும். நான் இத முடிச்சுக் குடுத்துடுறேன்.” புருஷன் பக்கம் திரும்பி, “நீங்களும் தள்ளுங்க” என்றாள்.

ஓட்டையில் இருந்த கிரீஸைத் துணியால் துடைத்துவிட்டு, குனிந்து வாயை வைத்து மூச்சை இழுத்தாள். ஒரே மூச்சு. பதினொரு மணிக்கு சூப்பர்வைசர் வந்தார், என்ன நடக்கிறது என்று கேட்டார், பிறகு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். ஒரு மணிக்கு அவருடைய போன் அடித்தது, அவர் எடுக்கவில்லை. டீ வந்து ஆறியது. மூன்று மணிக்கு டேங்கின் நடுப்பகுதி காலித் தகர டப்பாவை அழுத்தினாற்போல ‘டொக்’கென்று உள்ளே ஒடுங்கியது. அவள் உடம்பு ஊதவில்லை, முகம் சிவக்கவில்லை. ஜாக்கெட் கைகூட இறுகவில்லை. முதுகு வலித்திருக்க வேண்டும், ஒரு தடவை இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள். மேஸ்திரி அந்த இடுப்பைப் பிடித்துக்கொண்டு மண்டிபோட்டு உட்கார்ந்தார், அழுதார். நாலே முக்காலுக்கு அவள் நிமிர்ந்து வாயைத் துடைத்துக்கொண்டாள். அவர் வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று மூன்று நூல் மாற்றித் தொங்கவிட்டார். மூன்றும் அசையவில்லை.

“வெட்டுடா தம்பி” என்றாள், கட்டரோடு வந்தவரிடம். டேங்க் மறுநாள் விடிவதற்குள் பதினாலு தகடாகி லாரியில் ஏறியது. சுவரும் போயிற்று.

அன்றிலிருந்து காந்தக்கா மூச்சை உள்ளே இழுப்பதில்லை. வெளியே விடுவதோடு சரி. டாக்டர் பழையபடி ஊதச் சொன்னார். நன்றாக இழுத்துவிட்டு ஊதுங்கள் என்றார். இழுக்கிற வேலை முடிந்துவிட்டது, விடுகிறதுதான் பாக்கி என்று அவள் விளக்கினாள். கருவியில் இரண்டு சுருள் காகிதம் தீர்ந்த பிறகு டாக்டர் சுவிட்சை அணைத்தார். சீட்டில் ‘முன்னேற்றம்’ என்று எழுதி, ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்க வேண்டியதில்லை என்பதால் அவள் சொல்லத் தொடங்கினால் இடையில் யாரும் புக முடியாது. சந்தைக் கடைக்காரர்கள் பேரம் பேசுவதை விட்டுவிட்டார்கள். ஒரு கஷ்டம், வாசனை தெரிவதில்லை. மூக்கு வழியாக எதுவும் உள்ளே போவதில்லை அல்லவா? மேஸ்திரிதான் சொல்ல வேண்டும். “பால் அடிப்பிடிக்குது”, “மழை வரப்போகுது, மண் வாசம் அடிக்குது”, “மேல் வீட்டுல யாரோ புதுசா சோப்பு வாங்கியிருக்காங்க” என்று வீட்டுக்குள் நடந்துகொண்டே சொல்லிக்கொண்டிருப்பார். ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. பிறகு அதில் தேர்ந்துவிட்டார்.

எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று தம்பி பேனாவை எடுத்தபோது, “போய் உன் வேலையைப் பாருடா” என்று சொல்லிவிட்டாள். இரண்டாவது வருடம் மேஸ்திரிக்கு இருமல் வந்தது. அதே தூசியைத்தான் அவரும் அத்தனை வருடம் குடித்திருந்தார். டாக்டர் ஊதச் சொன்னார், பாதிதான் வேலை செய்கிறது என்றார். அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு மேஸ்திரி சுவரைப் பார்த்துப் படுத்தார். காந்தக்கா அவர் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். அவர் மறுபடி திரும்பிக்கொண்டார். இருக்கிறதே கொஞ்சம், அதைத் தன்மேல் விட்டு வீணாக்க வேண்டாம் என்றார்.

“எப்படியும் வெளியதான போகுது? யாரு மேல படணும்னு நான் பாத்துக்குறேன். நீங்க இப்படித் திரும்புங்க.”

திரும்பினார். நாலு மாதத்தில் இருமல் நின்றது. இப்போது ஆறாவது வருடம் நடக்கிறது. தினமும் மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை அந்த வீட்டில் கதவைத் தட்டினால் திறக்கமாட்டார்கள். ஒரே பாயில் எதிரெதிராகப் படுத்திருப்பார்கள். அவள் விடுகிறாள், அவர் இழுக்கிறார்.