பெரிய ஜெப நாளைச் சேர்ந்த சனி, ஞாயிறு

2024 ஏப்ரல் 25, வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடம். எஸ்பியர் துறைமுகத்தில் ஏழு பாகைக் குளிர், வடமேற்குக் காற்று, மழைக்கு நடுவே இருமுறை ஆலங்கட்டி. குடும்ப வழக்குகளைக் கவனிக்கும் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் ட்ரோல்ஸ் காத்திருந்தான். ஐந்து மணிக்கு விபோரில் மகள் ஆல்பெர்ட்டெயை அழைத்துக்கொள்ள வேண்டுமானால் மூன்று மணிக்கு வண்டியை எடுத்தாக வேண்டும்.

மூன்றாண்டுகளுக்கு முன், மணமுறிவின்போது, இதே கட்டடத்தில்தான் விடுமுறைகளைப் பங்கிட்டார்கள். வடகடலின் எண்ணெய் மேடையில் வேலை செய்யும் அவனுக்கு வாரயிறுதிகள் சொந்தமல்ல. வெகு முன்பே தேதி தெரிந்த நாட்களுக்கு மட்டுமே விடுப்புக் கிடைக்கும். மனைவியாக இருந்த யானிகெ கிறிஸ்துமஸையும் ஈஸ்டரையும் கேட்டாள். சண்டை வேண்டாமென்று, எவரும் கேட்காத ஒன்றை அவன் எடுத்துக்கொண்டான்: பெரிய ஜெப நாள். ஜூலையில் ஒரு வாரமும் கிடைத்தது. ஒரு ஜூலைக்கும் அடுத்த ஜூலைக்கும் நடுவே மகளோடு இருக்க அவனுக்கு வாய்த்தவை வெள்ளி, சனி, ஞாயிறு என்னும் அந்த மூன்று நாட்களே.

"முந்நூறு வருஷமா நிக்கிற நாள். எங்கயும் ஓடிப்போகாது" என்று அன்று அவன் சொன்னதற்கு யானிகெகூடச் சிரித்தாள்.

1686இல் ஆயர் ஒருவர் யோசனை சொல்ல, அரசர் ஆணையிட்டார். ஆண்டெங்கும் சிதறிக் கிடந்த ஜெப நாட்கள் ஈஸ்டருக்குப் பிந்திய நான்காம் வெள்ளியில் வந்து சேர்ந்தன. அன்று வேலை கூடாது, பயணம் கூடாது. ரொட்டிக்காரர்களும் அடுப்பு மூட்டக்கூடாதென்பதால் ஏலக்காய் போட்ட கோதுமை பன்னை முந்தின நாளே சுட்டு விற்றார்கள். ஜெபத்தை மறந்த வீடுகள் பன்னை மறக்கவில்லை. 2023இல், பாதுகாப்புச் செலவைக் காரணம் காட்டி, நாடாளுமன்றம் அந்த விடுமுறையை நீக்கியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, ஆயர்கள் வருந்தினர், பல்லாயிரம் பேர் தலைநகரில் திரண்டனர். ட்ரோல்ஸ் அப்போது கடலில் இருந்தான். அந்தச் சட்டம் தன் மணமுறிவு ஒப்பந்தத்தைத் தொடும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. இந்த ஜனவரியில் யானிகெ எழுதினாள்: 'அந்த நாள் இப்போது இல்லை.' அந்த மூன்று நாட்களைக் கேட்டு அன்றே இந்த அலுவலகத்தில் மனுச் செய்தான். பதினைந்து வாரங்களாயின.

"கையெழுத்து மட்டும்தான் பாக்கி. தலைவி மீட்டிங்ல இருக்காங்க" என்றாள், அவனுடைய கோப்பைப் பார்த்துக்கொள்ளும் லிஸ்பெத்.

"அது முடியறதுக்குள்ள என் பொண்ணுக்குக் கல்யாணமே ஆயிடும்."

"ஒம்பது வயசுதானே, அவசரப்படாதீங்க."

"சரியா, இல்லையா? கண்ணையாவது சிமிட்டுங்களேன், லிஸ்பெத்."

"சிமிட்டினா என் வேலை போயிடும்."

"சரி, நாளைக்கு ஸ்கூல் உண்டு. வெள்ளிக்கிழமையை விட்டுடறேன். சனி, ஞாயிறை யாரும் ரத்து பண்ணலியே? அதைக் குடுங்க போதும்."

லிஸ்பெத் கோப்பைப் பிரித்தாள். 'பெரிய ஜெப நாள் எனும் விடுமுறையும் அதைச் சேர்ந்த சனி, ஞாயிறும் தந்தைக்கு.' அவளுடைய விரல் மூன்றாண்டுப் பழைய அந்த வாக்கியத்தின் நடுவே நின்றது.

"இந்த 'அதை'தான்…" என்று தொடங்கியவள் குரலைத் தாழ்த்தினாள். "அது எந்த நாளைச் சொல்லுது? இல்லாத நாளை. இல்லாத ஒண்ணைச் சேர்ந்து சனிக்கிழமை எப்படி வரும்னு கேக்கறாங்க."

"யாரு கேக்கறாங்க?"

அவள் கோப்பை மூடினாள்.

"அந்த ஒரு நாளுக்கு ஈடா சம்பளத்துல அரை சதவீதத்துக்கும் கீழ ஏதோ கூட்டிக் குடுக்கறாங்க. ஆல்பெர்ட்டெக்கு ஈடா எத்தனை சதவீதம்?"

"நானும் அந்தச் சட்டத்தை எதிர்த்துக் கையெழுத்துப் போட்டவதான், ட்ரோல்ஸ்."

"உங்க கையெழுத்தால ஒண்ணும் ஆகலியே."

அவனுடைய கைப்பேசி ஒலித்தது.

"அப்பா, கிளம்பிட்டியா?"

"இன்னும் இல்லடா கண்ணு. ஒரு பேப்பர் வரணும்."

"பேப்பர் வந்தாத்தான் அனுப்புவேன்னு அம்மாவும் சொல்றா. இல்லாட்டி நாளன்னிக்கு சர்ச்சுல வில்மா அக்காவுக்குத் திடப்படுத்தல், அந்த விருந்துக்குப் போகணுமாம். நான் பையில துணி எடுத்து வைக்கட்டுமா, வேண்டாமா?"

அவன் மூடியிருந்த தலைவியின் அறைக் கதவைப் பார்த்தான். "எடுத்து வை."

"எடுத்து வச்சப்புறம் மறுபடி அலமாரியிலயே வைக்கச் சொன்னா?"

அங்கே யானிகெயின் குரல் கேட்டது, இணைப்புத் துண்டிக்கப்பட்டது.

இரண்டு ஐம்பத்தெட்டுக்குக் கதவு திறந்தது. லிஸ்பெத் உள்ளே போய் இரண்டு தாள்களோடு திரும்பினாள். தன் இருக்கைக்குப் போகாமல் மேசையைச் சுற்றிக்கொண்டு அவனருகே வந்து நின்றாள்.

"மேல்முறையீட்டுக்கு நாலு வாரம் இருக்கு" என்றாள்.

அவன் இன்னும் எதையும் கேட்டிருக்கவில்லை.

"அதுக்குள்ள சனியும் போயிடும், ஞாயிறும் போயிடும்."

"ஜூலை இருக்கே, ட்ரோல்ஸ். ஜூலையை யாரும் தொடலை."

"பெரிய ஜெப நாளையும் யாரும் தொட மாட்டாங்கன்னுதான் நெனச்சேன்."

அவன் கையை நீட்டினான். ஒப்பத்தின் மை காயாதிருந்ததால், அது கலைந்துவிடாதபடி ஓரத்தைப் பிடித்து, அவள் தீர்ப்பைக் கொடுத்தாள்.