எண்ணெய் வைக்கும் நேரம்

பறை திடீரென்று அதிர்ந்தது. ஓட்டோவிலிருந்து இறங்கிய பத்மாவதி மகளின் கையை இறுகப் பிடித்தாள்.

அவளுக்கு வலக்கண்ணில் கண்புரை எடுத்து மூன்று கிழமை. அதுவரை மகன் வீட்டில் கணவரோடு இருந்தவள், அன்றிலிருந்து உடுவிலில், மகள் நிரோஜினி வீட்டில்தான் இருந்தாள். அன்று காலை தேத்தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, பால் காணாது என்று அவளே குறை சொன்னாள். கோப்பையை வைக்குமுன் தொலைபேசி வந்தது. அங்கே வருடக்கணக்காகப் படுக்கையில் கிடந்த கணவர் போய்விட்டார்.

"ரெண்டு வருசம் அவரின்ரை முகம் எனக்குப் புகை மாதிரித்தான்," என்றாள் வழியில். "இண்டைக்காவது வடிவாப் பாக்கோணும்."

முற்றத்தில், வேட்டி மறைப்புக்குள், அப்பாவை மர வாங்கில் கிடத்தியிருந்தார்கள். கழுத்துவரை துணி. குளிப்பாட்டுமுன், உறவினர்கள் அவர் தலையில் எண்ணெயும் அரப்பும் தொட்டு வைத்துவிட்டு அவசரமாக விலகினார்கள். சாம்பிராணிப் புகைக்குக் கீழே இன்னொரு நாற்றம் இருந்தது.

மகன் கேதீஸ்வரன் எண்ணெய்க் கிண்ணத்தோடு தாய்க்குக் குறுக்கே வந்தான். "அம்மா, நெத்தியிலை தொட்டால் காணும். குனியக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவரெல்லே?"

"அது முதல் கிழமைக்கு. விலகு தம்பி."

"புகை கண்ணுக்குக் கூடாது."

"நான் என்ரை மனுசனைப் பாக்க வந்தனான். உன்னையே பாக்க வந்தனான்?"

குனிந்தாள். முகத்தை வெகுநேரம் பார்த்தாள். வழிக்காத தாடியைத் தடவினாள். எண்ணெய் தொட்ட கையைப் பின்தலைக்குக் கொண்டுபோனவள், அப்படியே நின்றாள்.

"வாய்க்கரிசி இப்பவே போட்டாச்சே? பிடரியிலை கொட்டிக் கிடக்கு."

அரிசிகளில் ஒன்று அசைந்தது. பிறகு இன்னொன்று.

நிரோஜினி புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஞாயிறுதோறும் அவள் வந்தவள்தான். தோடம்பழப் பையை அறை வாசலில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை மூக்கில் பிடித்தபடி, "அப்பா, சுகமோ?" என்று கேட்டுவிட்டுத் திரும்பியவள்.

பத்மாவதி துணியை இழுத்தாள். இடுப்பில் படுக்கைப்புண் அரித்த குழி. குதிக்காலில் எலும்பு.

"கூரைக்குள்ளை எலி செத்துக் கிடக்கெண்டு சொன்னாய் பிள்ளை," என்றாள் மருமகளிடம்.

றஜனி நிலத்தைப் பார்த்தாள்.

"அந்த மணத்துக்குள்ளை இருந்துதான் நான் இவருக்குச் சோறு தீத்தினனான்."

எவரும் அவளைப் பிடித்து விலக்கத் துணியவில்லை. அவள் தன் முந்தானையைத் தண்ணீரில் நனைத்து, குனிந்தபடியே, ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்தாள். பறைச் சத்தம் நிற்கவில்லை.

கேதீஸ்வரன் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். நிரோஜினி அவனருகே போனாள். அவன் முழங்கைவரை சவர்க்காரம் தேய்த்தபடி, குரலைத் தாழ்த்தினான்.

"அப்பாவின்ரை அலுவல் முடியட்டும், பிறகு அம்மாவின்ரை கண்ணைச் செய்வமெண்டு நான் சொன்னனானெல்லே. உனக்குத்தானே அவசரம்."